வாசலில் காவிரித் தண்ணீர், குடிக்க போர் தண்ணீர்

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 31. கணவர் விவசாயி. பத்து வயதில் மகள், இரண்டரை வயதில் மகன், கூடவே 58 வயது மாமியார். இப்போது நான்கு மாதக் கர்ப்பம். தோட்டத்தில் 600 அடி ஆழத்தில் சொந்த போர் இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான். தெருக்குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் செவ்வாயும் வெள்ளியும் ஒரு மணி நேரம் வருகிறது. அதில் பிளீச்சிங் வாடை அடிப்பதால் துணி துவைக்கவும் மாட்டைக் கழுவவும் பயன்படுத்துகிறார்கள். மகளுக்குப் புதுப்பல் முளைத்தபோதே சுண்ணாம்புக் கோடுகள் இருந்தன. பிறகு அவை பழுப்பாகிவிட்டன. பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று அந்தக் குழந்தை வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறாளாம். உப்பும் அடுப்புச் சாம்பலும் வைத்துத் தேய்த்தும் கறை போகவில்லை. மாமியாருக்கு இடுப்பும் முழங்காலும் இறுகி, தரையில் உட்கார முடியவில்லை.

ஊரில் மகளிர் குழுவைச் சேர்ந்த ஒருவர் சோதனைப் பெட்டி வைத்து போர் தண்ணீரைப் பரிசோதித்திருக்கிறார். மருந்து விட்டதும் இளஞ்சிவப்பு மறைந்து மஞ்சளாகிவிட்டது. அட்டையோடு ஒப்பிட்டால் புளோரைடு லிட்டருக்கு 3 மில்லிகிராம் பக்கம். அதே வாரத்தில் ஒரு விற்பனையாளர் வந்து, கம்பிகள் உள்ள கருவியைத் தண்ணீரில் வைத்துக் காட்டி, 18,500 ரூபாய்க்கு ஆர்.ஓ. இயந்திரம் தவணையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கணவரோ, 'ஆயிரம் அடிக்கு இன்னொரு போர் போட்டால் சுத்தமான தண்ணீர் வரும்' என்கிறார். மாமியார், 'பல் கறை எங்கள் பரம்பரை' என்கிறார். வாசகி அதுவரை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்கிறார். 'எது சரி? வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆகும்? தினமும் குழாய்த் தண்ணீர் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?' இவைதான் அவர் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மீதியைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம். இன்றைக்கே இரண்டு தண்ணீரையும் இடம் மாற்றுங்கள். குழாயில் வருவது குடிக்கவும் சமைக்கவும். போர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும். புளோரைடு தோல் வழியாக உடம்புக்குள் போகாது, அதனால் குளிப்பதில் பயமில்லை. நீங்கள் 18,500 ரூபாய் கொடுத்து வாங்க நினைக்கிற தண்ணீர், உங்கள் வாசலுக்கு வாரம் இரண்டு முறை வந்து மாட்டின் முதுகில் ஊற்றப்படுகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் மருத்துவ முகாமுக்கு வருகிற பல வீடுகளில் இதே கதைதான். வாடை அடிக்கிற தண்ணீர் கெட்டது, இனிக்கிற தண்ணீர் நல்லது என்று நாக்கு சொல்கிறது. நாக்குக்கு உப்பு தெரியும், துவர்ப்பு தெரியும். புளோரைடுக்கு ருசியும் இல்லை, நிறமும் இல்லை, மணமும் இல்லை.

உங்கள் வீட்டுக்கு வருகிற அந்தக் குழாய்த் திட்டத்தின் முழுப் பெயரே 'ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம்'. புளோரோசிஸ் என்பது புளோரைடு அளவுக்கு மீறிச் சேர்வதால் பல்லும் எலும்பும் கெடுகிற நோய். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பற்களையும் எலும்புகளையும் காப்பாற்ற ஜப்பான் நிதியுதவியோடு, ஏறத்தாழ 1,900 கோடி ரூபாயில், காவிரியிலிருந்து கொண்டுவந்து 2013இல் திறக்கப்பட்டது. அந்தப் பிளீச்சிங் வாடை தண்ணீரில் கிருமி கொல்லப்பட்டிருப்பதற்கான அடையாளம். குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதுதான் விதி. வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மூடி ஒரு மணி நேரம் வைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும்.

போரில் இது எப்படி வந்தது?

'பாட்டன் காலத்திலிருந்து இந்தத் தண்ணீர்தான்' என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பாட்டன் குடித்தது கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் அல்ல. மழையில் நிறைந்து கோடையில் இறங்குகிற, நாற்பது ஐம்பது அடிக் கிணற்றுத் தண்ணீர். அதன் பிறகுதான் கிணறுகள் வற்றி, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஊர் ஊராக வந்தன. உங்கள் பகுதியின் கருங்கல் பாறையில் புளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. ஆழத்துப் பாறை இடுக்கில் வருடக்கணக்கில் தங்குகிற தண்ணீர் அவற்றை மெல்லக் கரைத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீரில் இந்தக் கரைதல் இன்னும் எளிது. அதனால்தான் 'மெதுவான', பருப்பு சீக்கிரம் வேகிற, சோப்பு நன்றாக நுரைக்கிற தண்ணீரிலும் புளோரைடு கூடுதலாக இருக்க முடிகிறது.

ஆகவே ஆயிரம் அடி யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஆழம் கூடினால் புளோரைடு கூடியே தீரும் என்று சொல்ல முடியாது. ஆனால் குறையும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போட்டு, அதில் 3க்குப் பதில் 4 வந்தால் என்ன செய்வீர்கள்?

பரம்பரை என்பதும் அப்படித்தான். ஒரே வீட்டில் எல்லாருக்கும் வருவதால் ரத்தத்தில் வருகிறது என்று தோன்றும். ஆனால் அந்த வீட்டில் எல்லாரும் ஒரே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். 1937லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில், குடிநீர்ப் புளோரைடால் எலும்பு இறுகிப்போன மக்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள்: வெளியூரில் வளர்ந்து மருமகளாக வந்த உங்கள் பற்களில் கறை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பிறந்த மகளுக்கு இருக்கிறது. நீங்கள் இந்த ஊருக்கு வந்தபோது உங்கள் பற்கள் முழுதாக உருவாகி முடிந்திருந்தன, அவ்வளவுதான்.

கொதிக்க வைப்பது பற்றி

போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கொதித்தால் கிருமி சாகும். புளோரைடு உப்பு மாதிரி, ஆவியாகாது. பத்து லிட்டர் தண்ணீர் காய்ந்து காய்ந்து எட்டு லிட்டரானால், 3 இருந்தது 3.75 ஆகிறது. குழந்தைகளுக்கு நல்லது என்று நினைத்து நீங்கள் விறகைச் செலவழித்துச் செறிவைத்தான் கூட்டியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும்போது உங்கள் மனம் வருந்தும் என்று தெரிகிறது. ஆனால் 'தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எங்களைப் போன்ற மருத்துவர்கள்தான். எந்தத் தண்ணீருக்கு, எதற்காக என்று நாங்கள் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

குழாய்த் தண்ணீருக்குக் காய்ச்சுவது சரி. செவ்வாயன்று பிடித்தது வெள்ளி வரை இருக்க வேண்டும். குளோரின் ஓரிரு நாளில் போய்விடும், அதற்குப் பிறகு கிருமி வளர இடமுண்டு. அன்றன்றைக்குக் குடிக்கிற அளவை மட்டும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆற வையுங்கள்.

அளவு எவ்வளவு வேண்டும் என்று பார்த்துவிடுவோம். ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஐந்து லிட்டர் வைத்தாலும், ஐந்து பேருக்கு நாளைக்கு 25 லிட்டர். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையே நான்கு நாள், ஆக 100 லிட்டர். எட்டுக் குடம். ஒரு மணி நேரக் குழாயில் இதைத் தாராளமாகப் பிடித்துவிடலாம். மூடி போட்ட, அடியில் குழாய் வைத்த டிரம் ஒன்று கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் குறுகிய வாய்க் குடங்கள் போதும். செம்பையோ கையையோ உள்ளே விட்டு மொள்ளக் கூடாது. சாய்த்து ஊற்றுங்கள், அல்லது நீளக் காம்புள்ள கரண்டி ஒன்றை அதற்கென்றே சுவரில் தொங்க விடுங்கள். இரண்டரை வயதுப் பையன் இருக்கிற வீட்டில் அவன் கை எட்டாத உயரம் முக்கியம்.

சமையலை விட்டுவிடாதீர்கள். உங்கள் பக்கம் களி கிண்டாத வீடு உண்டா? களிக்கும் கூழுக்கும் ஊற்றுகிற தண்ணீர் எங்கேயும் வடிவதில்லை, அத்தனையும் மாவோடு வயிற்றுக்குள்தான் போகிறது. குடிக்க மட்டும் காவிரி, களிக்கு போர் என்றால் பாதிப் பலன் போய்விடும்.

குழாய்த் தண்ணீரையும் சோதியுங்கள்

இங்கே ஓர் எச்சரிக்கை. காவிரித் தண்ணீர் போதாத சமயத்தில், சில ஊர்களில் மேல்நிலைத் தொட்டியில் பஞ்சாயத்து போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்துவிடுவது உண்டு. உங்கள் ஊரில் அப்படியா என்பது எனக்குத் தெரியாது, தொட்டி ஆபரேட்டருக்குத் தெரியும். அவரிடம் சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல் கேளுங்கள். எப்படியும், மகளிர் குழு அக்காவிடம் குழாய்த் தண்ணீரையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். வெவ்வேறு நாளில் இரண்டு முறை என்றால் இன்னும் நல்லது. அவர்கள் பெட்டியில் கிருமி பார்க்கிற சிறு குப்பியும் இருக்கலாம். அதில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, ஓரிரு நாளில் கறுத்துப்போனால் கிருமி இருக்கிறது என்று பொருள்.

பெட்டிச் சோதனை தோராயமானது. எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். பொதுமக்களும் கொடுக்கலாம், சிறு கட்டணம்தான். இந்தியத் தரப்படி புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

ஆர்.ஓ. வாங்கலாமா?

ஆர்.ஓ. புளோரைடை எடுக்கும், அது உண்மை. ஆனால் அந்த விற்பனையாளர் உங்களுக்குக் காட்டியது சோதனையே அல்ல. இரும்புக் கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் கம்பி கரைந்து துரு மிதக்கும். உப்புகள் உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், ஆர்.ஓ. தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது. டம்ளரில் நீங்கள் பார்த்த செம்பழுப்பு நுரை உங்கள் தண்ணீரின் அழுக்கு இல்லை, அந்தக் கம்பியின் இரும்பு. அடுத்த முறை வந்தால், அவருடைய 'சுத்தமான' தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே கருவியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். டி.டி.எஸ். மீட்டர் காட்டுகிற எண்ணும் மொத்த உப்பைத்தான் சொல்லும், அதில் புளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

குழாய்த் தண்ணீர் சோதனையில் தேறினால் உங்களுக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை. தேறவில்லை என்றால் அப்போது யோசிக்கலாம். வாங்குவதற்கு முன், உள்ளே போகும் தண்ணீரிலும் வெளியே வரும் தண்ணீரிலும் புளோரைடு எவ்வளவு என்று ஆய்வகச் சீட்டு கேளுங்கள். வடிகட்டும் சவ்வை மாற்ற ஆகும் செலவையும் கேளுங்கள். அது பழசானால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், புளோரைடு தாண்டி வந்துகொண்டிருக்கும். ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவுநீர் வெளியேறும். புளோரைடு சேர்ந்த அந்தத் தண்ணீரை மாட்டுக்குக் காட்டாதீர்கள், அதற்கும் பல்லும் எலும்பும் உண்டு. மெழுகுவர்த்தி வடிகட்டி, யு.வி. விளக்கு மட்டும் உள்ள இயந்திரம் இவையெல்லாம் கிருமிக்குத்தான், புளோரைடை ஒன்றும் செய்யாது. கேன் தண்ணீரும் எந்த போரில் எடுத்தது, புளோரைடு சோதித்தார்களா என்று தெரியாமல் வாங்கினால் அதே தண்ணீரைக் காசு கொடுத்துக் குடிப்பதாக ஆகலாம்.

உங்கள் மொட்டை மாடியையும் மறக்க வேண்டாம். மழைநீரில் புளோரைடு கிட்டத்தட்ட இல்லை. 500 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே ஏறத்தாழ 400 லிட்டர் கிடைக்கும். மாடியைக் கூட்டி, முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டு, மீதியை மூடிய தொட்டியில் பிடித்து, காய்ச்சிக் குடிக்கலாம். குழாய் நின்றுபோகிற வாரங்களுக்கு அது கை கொடுக்கும்.

பிள்ளைகள், வயிற்றுப் பிள்ளை, மாமியார்

மகளின் பற்களில் உள்ளது அழுக்கு இல்லை. ஈறுக்குள் பல் உருவாகும்போதே மேற்பூச்சில் ஏற்பட்ட குறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சாம்பலும் உப்பும் நல்ல பூச்சையும் சேர்த்துத் தேய்த்துவிடும். இதை அவளிடம் உட்காரவைத்துச் சொல்லுங்கள்: 'நீ பல் விளக்காததால் வந்தது இல்லை, உன் தப்பு ஒன்றும் இல்லை.' வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லுங்கள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திக்கு மட்டும் இது இருக்க வாய்ப்பில்லை. அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டினால், லேசான கறையை மேலாக இழைத்துக் குறைக்க முடியும். ஆழமானதை, பல்லின் நிறத்திலேயே பூசி மறைக்கலாம். விலை அதிகமான உறை போடுகிற வேலைக்கு இந்த வயதில் அவசரப்பட வேண்டாம்.

மகன் விஷயத்தில்தான் அவசரம். அவனுடைய நிரந்தர முன்பற்களின் பூச்சு இப்போது, இந்த மாதங்களில், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. கடைவாய்ப் பற்களுக்கு ஏறத்தாழ எட்டு வயது வரை காலம் உண்டு. இன்று தண்ணீரை மாற்றினால் அவன் பற்களில் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். பற்பசை அவனுக்கு அரிசியளவு, மகளுக்குப் பட்டாணியளவு போதும்; விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

வயிற்றில் உள்ள குழந்தைக்கும் தாய் வழியாகப் புளோரைடு போகும் என்பதால், நீங்கள் முதலில் மாற வேண்டும். ஆனால் பயந்துவிடாதீர்கள். நான்காம் மாதத்திலேயே தெரிந்துகொண்டீர்கள். பிறந்த பிறகு ஒரு நல்ல செய்தி இருக்கிறது: தாய் குடிக்கிற தண்ணீரில் புளோரைடு கூடுதலாக இருந்தாலும் தாய்ப்பாலில் மிகக் குறைவாகத்தான் வரும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். போர் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

மாமியாரை மூன்று செய்யச் சொல்லிப் பாருங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா? தாடை நெஞ்சைத் தொடுகிறதா? கைகளை விரித்து மடக்கிப் பின்தலையைத் தொட முடிகிறதா? முடியவில்லை என்றால் எலும்புப் புளோரோசிஸாக இருக்கலாம். வெறும் வயசு மூட்டுவலியாகவும் இருக்கலாம், எக்ஸ்ரேயும் சிறுநீர்ச் சோதனையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். இதற்கென்றே தேசியத் திட்டம் ஒன்று 2008 முதல் நடக்கிறது, தருமபுரி அதில் உள்ள மாவட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைச் சொல்லிக் கேளுங்கள். இறுகிய எலும்பு பழையபடி ஆகாது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தண்ணீரை மாற்றினால் மேலும் முற்றுவதைத் தடுக்கலாம், வலியும் குறையலாம். மெடிக்கலில் தாமாக வாங்கிப் போடுகிற வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரகம் பலவீனமானால் புளோரைடு வெளியேறாமல் உடம்பிலேயே தங்கும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால், நெல்லிக்காய் எல்லாருக்கும் நல்லது. தேயிலையிலேயே புளோரைடு உண்டு என்பதால், நாளைக்கு ஐந்தாறு முறை குடிக்கிற கடும் டீயைக் குறைக்கச் சொல்லுங்கள்.

உரிமை பற்றிக் கேட்டீர்கள்

உண்டு. மாசில்லாத தண்ணீர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், தரமான தண்ணீர், வீட்டுக் குழாயில் என்கிறது. உங்கள் ஐந்து பேருக்கு அது 275 லிட்டர். வாரம் இரண்டு முறை வருவது அதற்கு ஈடா என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. வழக்குப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன், அதற்கு முன்னால் நடக்கிற வழிகள் இருக்கின்றன. கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 தண்ணீர் தினம். தனியாகப் போய்ப் பேசினால் 'இந்த வீட்டு மருமகள்' என்று வாயடைப்பார்கள். மகளிர் குழுவோடு, ஐந்தாறு வீட்டுச் சோதனை முடிவுகளை ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். கேட்க வேண்டியது: தொட்டியில் போர் தண்ணீர் கலக்கக் கூடாது, அப்படிக் கலக்கிற நாளில் முன்கூட்டியே சொல்ல வேண்டும், குறைந்தது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விட வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நடக்கவில்லை என்றால் அந்தத் தீர்மான நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகலாம்.

கணவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம். புது போருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், நல்ல டிரம்மும் மாடிக்கு மழைநீர்க் குழாயும் வாங்கிவிடலாம் என்பதை அவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

வருகிற வெள்ளி தண்ணீர் வரும்போது இரண்டு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பிடிக்கப் போகும் தண்ணீராலேயே மூன்று முறை அலசி, ஒன்றில் குழாய், மற்றதில் போர் தண்ணீர் பிடியுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். எது எது, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி ஆய்வகத்தில் கொடுங்கள். சீட்டு வந்ததும் இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். குழாயின் எண் 1க்கு மேல் இருந்தால், அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்து முடிவு செய்வோம்.